யார் முறை

ஊர் பெயர் சென்னன் கோவ்.
'இல்' சேர்த்து எழுதினால் கோவில் ஆகிவிடுகிறது.
சாமி ஒன்றும் இல்லை.
உயிர்காப்புப் படகுக் கொட்டகை, கட்டணக் கார் நிறுத்தம்,
அதற்குப் பின்னால் என் பட்டறை.
உடைந்த அலைப்பலகைகளை ஒட்டுகிறேன்.

டாம்சின் நான்கேரோ உள்ளே வர மாட்டாள்.
பிசின் வாடை அவளுக்குப் பல்லில் கூசும்.
வாசலில் நின்றே சொல்வாள்:
மூக்கிலிருந்து பதினொரு சென்டிமீட்டர், இடது ஓரம்.
அளந்து பார்த்திருக்கிறேன்.
பதினொன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் ஊமை என்றார்கள்,
பிறகு வாயாடி என்றார்கள்,
இரண்டும் ஒரே வருடத்தில்.
பேச்சில் யார் முறை என்று தெரிவதில்லை, என்றாள் ஒருநாள்
குழாயடியில் காலைக் கழுவியபடி, என்னைப் பார்க்காமல்.
எல்லோரும் எங்கேயோ ஓர் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.
எனக்கு மட்டும் அதைக் காட்டவில்லை.

போட்டியில் காட்டுகிறார்கள்.
கரையில் கம்பம், கம்பத்தில் வட்டு.
சிவப்பு என்றால் சிவப்புச் சட்டைக்காரியின் முறை.
அந்த அலை அவளுடையது.
குறுக்கே வந்தால் அபராதம், விதி எண்ணோடு.
பதினேழு வயதில் அந்த விதிப்புத்தகத்தைப் படித்த இரவு
அம்மாவை எழுப்பினாளாம்:
மனுஷங்க இதை எழுதி வெச்சிருக்காங்கம்மா.

பிறகு அயர்லாந்து, போர்ச்சுகல், மொராக்கோ.
எந்த ஊரிலும் அதே ரொட்டி, பெட்டியில் சுமந்துபோனது.
கோப்பைகளைப் பற்றி எனக்குத் தெரியாது.
என் கணக்கு நோட்டில் இருப்பவை உடைந்து வந்தவை மட்டும்:
மொராக்கோ, வால் பிளவு.
போர்ச்சுகல், இரண்டு துண்டு, ஒன்று கிடைக்கவில்லை.

நேரம் முடிந்ததும் சங்கு ஊதுவார்கள்.
மற்றவர்களுக்கு ஆட்டம் முடியும்.
இவளுக்கு மண்டைக்குள் தகரம் கிழியும்.
முன்னணியில் இருக்கும்போதே தண்ணீருக்கு அடியில் போய்விடுவாள்,
அங்கேதான் சத்தம் இல்லை என்று.
இரண்டு முறை மூழ்கிவிட்டாளென்று தூக்கி வந்தார்கள்.
நாலு வரியில் கடிதம் போட்டாள், கொடி காட்டுங்கள் என்று.
அனுதாபத்துடன் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.
அனுதாபம் கேட்கவில்லை, என்று திருப்பி எழுதினாள்,
கொடி கேட்டேன்.

இருபத்துநாலு வயதில் ட்ரூரோவில் ஒரு டாக்டர்
ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்.
எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு
மடித்து வைத்தாள்.

மோப்பம் பிடித்து வந்தது ரப்பர் உடை கம்பெனி,
கேமராவும் குடையுமாக.
கடல் உன்னைக் குணப்படுத்தியது என்று சொல்லேன்.
கடல் என் கன்னத்தெலும்பை உடைத்தது, என்றாள்.
அது என் வேலை செய்யும் இடம்.
கம்பெனி போயிற்று.
அந்தக் குளிர்காலம் முழுக்க நியூலின் சந்தையில்
ராத்திரிகளில் நண்டு எண்ணினாள்.
ஒன்றும் தப்பவில்லையாம்.

கொடி வந்த வருடம்
காலிறுதியில் தோற்றாள்.
நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.
புள்ளி சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள், என்றாள்.
அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

இன்று காலை, கச்சான் காற்று,
கடல் கலங்கிக் கிடக்கிறது, ஒருவரும் இறங்கவில்லை.
என் கதவு ஆணியில் ஏதோ மாட்டினாள்.
ஐஸ்கிரீம் டப்பா மூடி.
ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம்.
சிவப்பு நான், என்றாள். நீலம் நீங்கள்.
நீலத்தைத் திருப்பி வைத்துவிட்டு
கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முப்பத்தோரு வருடம் இந்த நாட்டில்.
நடுவில் நுழைந்திருக்கிறேன், மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்,
வாயைத் திறந்து மூடியிருக்கிறேன்.
உன் முறை என்று யாரும் சொன்னதில்லை.

மூடி காற்றில் ஆடுகிறது.
தொண்டையில் என்னென்னவோ.

நாற்பத்திரண்டு பவுண்டு, என்றேன்.

தலையாட்டினாள்.
சிவப்புக்குத் திருப்பவில்லை.